பட்டன் பூட்டப் பழக, பட்டன்தான் பூட்ட வேண்டும்

பிள்ளைக்கு ஓட்டிசம் என்றோ ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமல் துறுதுறுவென இருக்கும் நிலை) என்றோ வைத்தியர் சொன்ன கிழமையிலேயே வாட்ஸ்அப்பில் காணொளிகள் வரத் தொடங்கிவிடும். ஆடும் பலகையில் நின்றபடி ஒரு பிள்ளை மணல் பையை எறிந்து பிடிக்கும். இன்னொரு பிள்ளை தரையில் வயிற்றால் ஊர்ந்து போகும். "இடது மூளையும் வலது மூளையும் சமநிலைக்கு வருகின்றன", "மூளையில் புதிய பாதைகள் திறக்கின்றன" என்று கீழே எழுதியிருக்கும். மூன்று மாதத்துக்கு இவ்வளவு, ஆறு மாதத்துக்கு இவ்வளவு என்று கட்டணம். நேரில் வர முடியாவிட்டால் சூமில் செய்யலாம். திருகோணமலைப் பக்கம் உவர்மலையிலோ கிண்ணியாவிலோ மூதூரிலோ இருக்கும் ஒரு குடும்பத்துக்கு, பேச்சுச் சிகிச்சைக்கான அடுத்த திகதி தள்ளிப் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில், இது பெரிய ஆறுதலாகத் தெரிவது இயல்புதான்.

உடலை அசைப்பது இந்தப் பிள்ளைகளுக்கு நல்லது. அதில் சந்தேகமே வேண்டாம். எந்த அசைவு, எதற்காக, எவ்வளவு நேரம் என்ற இடத்தில்தான் குடும்பத்தின் பணமும் பிள்ளையின் மாலைப் பொழுதும் வீணாகின்றன. பல பத்தாண்டு ஆராய்ச்சியிலிருந்து பெற்றோர் கையில் எடுத்துக்கொள்ளக்கூடிய செய்தி ஒன்று உண்டு: பிள்ளை எதைப் பழகுகிறதோ, அதில் முன்னேறும். ஆடும் பலகையில் நின்று பழகினால் ஆடும் பலகையில் நன்றாக நிற்கும். அந்த முன்னேற்றம் தானாக வாசிப்புக்கும் பேச்சுக்கும் வகுப்பில் அமர்ந்திருப்பதற்கும் தாவிவிடும் என்ற வாக்குறுதிதான் திரும்பத் திரும்பப் பொய்த்துப் போயிருக்கிறது.

இந்த வாக்குறுதிகள் எங்கிருந்து வந்தன

இவற்றில் மூத்தது டோமன்–டெலக்காட்டோ முறை. கிளென் டோமன், கார்ல் டெலக்காட்டோ என்ற இருவர் 1950களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உருவாக்கியது. உயிரினப் பரிணாமத்தின் படிகளை ஒவ்வொரு பிள்ளையின் மூளையும் மறுபடி கடந்து வருகிறது, ஒரு படி தவறினால் அந்த அசைவை வெளியிலிருந்து ஊட்டிச் சரிசெய்யலாம் என்பது அதன் அடிப்படை. பெரியவர்கள் பலர் சுற்றி நின்று பிள்ளையின் தலையையும் கைகால்களையும் தவழும் ஒழுங்கில் அசைப்பார்கள். ஒரு முறைக்கு ஐந்து நிமிடம், ஒரு நாளில் பல முறை, கிழமையில் ஏழு நாளும். சில குடும்பங்களில் வேலை, மற்றப் பிள்ளைகளின் படிப்பு, உறவு எல்லாமே இதற்குள் கரைந்தன. அமெரிக்கக் குழந்தைநல வைத்தியர் கழகம் 1968, 1982, 1999 என மூன்று முறை அறிக்கை விட்டு, இதன் கோட்பாடு காலாவதியானது, பலனுக்கு ஆதாரம் இல்லை, குடும்பத்தின் மீது சுமத்தப்படும் பாரம் மிகப் பெரியது என்று சொன்னது. இருந்தும் "பற்றேர்னிங்" என்ற பெயரில் இன்றும் அது விற்கப்படுகிறது.

பாடசாலைகளுக்குள் புகுந்தது பிரெய்ன் ஜிம். போல் டெனிசனும் கெயில் டெனிசனும் அமெரிக்காவில் தொகுத்த 26 அசைவுகள். வலது முழங்கையால் இடது முழங்காலைத் தொடுவது, காற்றில் படுத்த எட்டு வரைவது, கழுத்தெலும்புக்குக் கீழே விரலால் தேய்த்து மூளைக்கு இரத்தம் கூட்டுவது என்று போகும். பாடத்தின் நடுவே எழுந்து இரண்டு நிமிடம் அசைவது எந்தப் பிள்ளைக்கும் இதமானது. அதற்கு மேல் சொல்லப்படும் விளக்கம் உடற்கூற்றியலோடு ஒட்டாது. 2008இல் பிரித்தானிய நரம்பியல் சங்கமும் உடலியங்கியல் சங்கமும் இதன் உரிமைகோரல்களை மறுத்து அந்நாட்டுக் கல்வி அதிகாரிகளுக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது.

டோர் முறை இன்னொரு பாடம் தருகிறது. சிறுமூளை மந்தமாக இருப்பதால்தான் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிரமமும் கவனக்குறைவும் வருகின்றன, சமநிலைப் பயிற்சியால் அதைத் தூண்டலாம் என்றார் பிரித்தானியத் தொழிலதிபர் வின்ஃபோர்ட் டோர். நாளுக்கு இரு தடவை, ஒவ்வொரு தடவையும் சுமார் பத்து நிமிடம், ஆடும் பலகை, மணல் பை. 2003இல் வெளியான ஆய்வு பெரிய செய்தியானது. அதில் ஒப்பீட்டுக் குழு சரியாக அமையவில்லை என்ற விமர்சனம் உடனே எழுந்தது. அதன் தொடர்ச்சியையும் அதே சஞ்சிகை வெளியிட்டபோது அதன் ஆசிரியர் குழுவில் சிலர் விலகினார்கள். 2008இல் பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் நிறுவனம் மூடப்பட்டது. அப்போது முற்பணம் கட்டியிருந்த குடும்பங்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். எந்தப் பயிற்சி நிலையத்துக்கும் ஆறு மாதக் காசை ஒன்றாகக் கட்ட வேண்டாம் என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இடது மூளை, வலது மூளை என்ற பேச்சு இன்னும் பரவலானது. மொழி பெரும்பாலானவர்களுக்கு இடப்பக்கம் அதிகம் நடக்கிறது என்பது உண்மை. அதிலிருந்து "உங்கள் பிள்ளைக்கு வலப்பக்கம் பலவீனம்" என்று தாவ வழியில்லை. 2013இல் யூட்டா பல்கலைக்கழகத்தினர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மூளை ஸ்கேன்களைப் பார்த்தபோது, ஆள் முழுவதும் இடப்பக்க மூளை, வலப்பக்க மூளை என்று பிரியும் எந்த ஒழுங்கையும் காணவில்லை. ஒரு கண்ணை மறைத்து, ஒரு காதில் மட்டும் இசை கேட்கவைத்து, ஒரு பக்க மூளையை "எழுப்புவதாக" யாராவது சொன்னால், எந்தப் பரிசோதனையில் அந்தப் பக்கம் தூங்குவதாகக் கண்டார்கள் என்று கேளுங்கள்.

பிறந்த குழந்தையிடம் தானாக எழும் அசைவுகளான ஆதி அனிச்சைகள் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இதில் உண்மையும் ஊகமும் கலந்திருக்கின்றன. பிறந்த குழந்தை திடுக்கிட்டால் இரு கைகளையும் விரிக்கும். தலையை ஒரு பக்கம் திருப்பினால் அந்தப் பக்கக் கை நீளும், மற்றக் கை மடங்கும். இவை பொதுவாக ஆறு மாதமளவில் மறையும். மறையாமல் பலமாக நின்றால் அது பெருமூளை வாதத்தின் (மூளைப் பாதிப்பால் உடலசைவு கட்டுப்படாத நிலையின்) அறிகுறியாக இருக்கலாம். வைத்தியர் பார்க்க வேண்டிய விஷயம். ஆனால் ஏழு வயதுப் பிள்ளையை நாலு காலில் நிற்கவைத்து, தலையைத் திருப்பும்போது முழங்கை சற்று மடங்குவதைக் காட்டி "அனிச்சை மிச்சமிருக்கிறது, அதனால்தான் எழுத்து வடிவாக வரவில்லை" என்பது வேறு கதை. எந்தச் சிரமமும் இல்லாத முன்பள்ளிப் பிள்ளைகளிலும் அந்தச் சுவடு தெரியும். இந்த அனிச்சைகளை அசைவுப் பயிற்சியால் அடக்கும் முறைக்குச் சாதகமான, கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வு ஒன்றும் உண்டு: 2000ஆம் ஆண்டு பெல்ஃபாஸ்டில் வாசிப்புச் சிரமம் உள்ள 60 பிள்ளைகளை மூன்று குழுவாக்கி ஒரு வருடம் பார்த்தார்கள், அனிச்சை அசைவுகளைப் பழகிய குழு வாசிப்பில் கூடுதலாக முன்னேறியது. இருபது இருபது பிள்ளைகள் கொண்ட ஓர் ஆய்வை வைத்து ஓட்டிசத்துக்கும் பேச்சுத் தாமதத்துக்கும் பயிற்சிப் பொதி விற்பது நியாயமில்லை. வாசிப்புச் சிரமத்துக்கு எழுத்தையும் ஒலியையும் முறையாக, படிப்படியாக இணைத்துக் கற்பிப்பதற்கு இருக்கும் ஆதாரம் இதைவிடப் பல மடங்கு பலமானது. தமிழில் உயிர்மெய் வரிசையை அட்டைகளில் வைத்து, ஒலியாகப் பிரித்துச் சேர்த்துப் பழக்கும் ஒரு நல்ல ஆசிரியருக்கே அந்தக் காசைக் கொடுங்கள்.

செய்தவர்கள் பலன் கண்டதாகச் சொல்கிறார்களே

பொய் சொல்லவில்லை. பிள்ளை ஆறு மாதம் வளர்ந்திருக்கும். நிலைமை மிக மோசமாக இருந்த நேரத்தில்தான் பெற்றோர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். மோசமான காலத்துக்குப் பின் சற்றுத் தேறுவது எதுவும் செய்யாவிட்டாலும் நடக்கும். ஒரு பெரியவர் போனைக் கீழே வைத்துவிட்டு நாளுக்கு இருபது நிமிடம் அந்தப் பிள்ளையோடு மட்டும் இருந்திருப்பார். அது சின்ன விஷயமல்ல. பலனில் பெரிய பங்கு அங்கேதான் இருக்கிறது, அதற்கு யாருக்கும் கட்டணம் கட்டத் தேவையில்லை.

நிலையம் எடுக்கும் அளவீடுகளையும் கவனியுங்கள். தொடக்கத்தில் ஒற்றைக் காலில் எத்தனை வினாடி நிற்கிறது, பந்தை எத்தனை தரம் பிடிக்கிறது என்று அளப்பார்கள். மூன்று மாதம் அதையே பழக்குவார்கள். பிறகு அதையே மறுபடி அளந்து வரைபடம் தருவார்கள். கோடு மேலே போகாமல் வேறென்ன செய்யும்? நீங்கள் போனது பிள்ளை வகுப்பில் கொப்பியை எடுத்து எழுதத் தொடங்குவதற்கு. அதை யாரும் அளக்கவில்லை.

ஆகவே நீங்களே அளந்து பாருங்கள். ஒரே ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுங்கள், கண்ணால் பார்த்து எண்ணக்கூடியதாக இருக்கட்டும். "கவனம் கூட வேண்டும்" என்பதை எண்ண முடியாது. "வீட்டுப்பாடத்தில் எழுந்து போகாமல் எத்தனை நிமிடம்", "சட்டையின் ஐந்து பட்டனில் எத்தனை தானாகப் பூட்டுகிறது", "ஒரு சொல்லாவது சொல்லி எத்தனை தரம் கேட்கிறது" என்பவற்றை எண்ணலாம். எதையும் தொடங்குவதற்கு முன் ஒரு முழுக் கிழமை, தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் எண்ணிக் கலண்டரில் எழுதுங்கள். அந்த முதற்கிழமையைத் தவறவிட்டால் பிறகு எதோடும் ஒப்பிட முடியாது. பெரும்பாலானவர்கள் தவறவிடுவது இதைத்தான். கிழமைக்கொரு தடவை ஒரு நிமிடக் காணொளி எடுங்கள். ஆறு கிழமை முடிந்ததும் முதற் காணொளியையும் கடைசிக் காணொளியையும் எது எதென்று சொல்லாமல் வகுப்பாசிரியருக்கோ பெரியம்மாவுக்கோ காட்டி, எதில் நன்றாகச் செய்கிறது என்று கேளுங்கள். அவர்களுக்கு வித்தியாசம் தெரியாவிட்டால் அந்தப் பயிற்சியை விட்டுவிடலாம். இடையில் புதிய மருந்து, புதிய வகுப்பு, பள்ளி விடுமுறை எதுவும் வந்திருந்தால் அதையும் கலண்டரில் குறித்திருக்க வேண்டும்.

பட்டன்

கைத்திறனுக்கு எவ்வளவு பயிற்சி தேவை என்பதற்கு ஓரளவு கணக்கு உண்டு. பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளின் கைப்பயிற்சி ஆய்வுகளை மிஷெல் ஜாக்மனும் குழுவினரும் 2020இல் தொகுத்தபோது, குறிப்பிட்ட ஓர் இலக்கை எட்ட அந்த இலக்கையே 14 முதல் 25 மணி நேரம் வரை பழக வேண்டியிருந்தது. வீட்டில் செய்வதும் இதில் சேரும். நாளுக்கு அரை மணி, கிழமைக்கு ஆறு நாள், ஆறு கிழமை என்றால் 18 மணி நேரம். பத்து இலக்குகளை ஒன்றாக வைத்தால் எதற்கும் நேரம் போதாது என்பதும் இந்தக் கணக்கிலேயே தெரியும். ஒன்று, கூடினால் இரண்டு.

பாடசாலைச் சட்டையை எடுத்துக்கொள்வோம். காலை ஏழு மணிக்கு, வான் வாசலில் நிற்கும் நேரத்தில் பழக்கக் கூடாது. பின்னேரம், அவசரமில்லாத நேரத்தில். சட்டை பிள்ளையின் உடம்பிலேயே இருக்கட்டும். மேசையில் விரித்து வைத்துப் பழக்கினால் பட்டன் நிற்கும் திசை மாறிவிடும், பிறகு உடம்பில் போட்டதும் புதிதாகத் தொடங்க வேண்டி வரும். பிள்ளை கதிரையில், பாதம் இரண்டும் தரையில் பதிய அமரட்டும். கால் தொங்கினால் உடம்பை நிமிர்த்தி வைக்கவே பலம் போய்விடும், விரலுக்கு மிஞ்சாது.

கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் பட்டனை ஓட்டையில் முக்கால்வாசி நுழைத்து விடுங்கள். பிள்ளை இழுத்து வெளியே எடுக்க மட்டும் செய்யட்டும். வேலை முடிந்த திருப்தி அதற்கு உடனே கிடைக்கும். பத்தில் எட்டுத் தரம் உதவியில்லாமல் வந்ததும், பாதி நுழைத்து விடுங்கள். பிறகு ஓட்டையின் வாயில் மட்டும் வைத்துக் கொடுங்கள். வயிற்றுக்கு நேரே இருக்கும் பட்டனில் தொடங்கி மேலே போங்கள். கழுத்துப் பட்டன் கண்ணுக்குத் தெரியாது, அது கடைசி. பிழை வரும் இடங்கள் பெரும்பாலும் மூன்று. பட்டனின் தட்டையான முகத்தைப் பிடிப்பது. விளிம்பைப் பிடிக்க வேண்டும். ஓட்டைக்குத் தூரத்தில் துணியைப் பிடிப்பது. துணி மடிந்துவிடும், ஓட்டையின் ஓரத்திலேயே பெருவிரல் நிற்க வேண்டும். மூன்றாவது, சட்டையின் குற்றம்: கஞ்சி போட்ட புதுச் சட்டையில் ஓட்டை இறுகியிருக்கும், ஒரு பென்சிலை நுழைத்துச் சுழற்றி இளக்கிக் கொடுங்கள்.

பிள்ளை ஆறு ஏழு வயதைத் தாண்டி, பேச்சும் விளங்கினால் சொல்லிக் கொடுப்பதைக் குறைத்துக் கேளுங்கள். கனடாவில் ஹெலன் பொலட்டாய்கோவும் சக ஆய்வாளர்களும் உருவாக்கிய முறையின் உயிர்நாடி இதுதான்: இலக்கு, திட்டம், செய்தல், சரிபார்த்தல். "மகன், இப்ப எங்க மாட்டுப்பட்டது?" "துணி மடங்கிட்டு." "அப்ப அடுத்த முறை என்ன செய்து பாப்பம்?" பிள்ளையே கண்டுபிடித்த திட்டம் நாளைக்கும் நினைவிருக்கும்; நீங்கள் நூறு தரம் சொன்னது இராது. பேசாத பிள்ளைக்கு இந்தக் கேள்விகள் வேண்டாம், படம் எடுத்துப் படி படியாகச் சுவரில் ஒட்டுவது போதும்.

சைக்கிள்

கைகால் அசைவுகளை ஒருங்கிணைப்பதில் சிரமம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் அதிகம் கேட்பது இதைப் பற்றித்தான். நண்பர்களோடு சேர்ந்து போக உதவுவதால் இது வெறும் பயிற்சியைவிடப் பெரிய விஷயம். இரு பக்கமும் சின்னச் சக்கரம் பூட்டிப் பழக்காதீர்கள். சைக்கிள் சமநிலை பிடிப்பது சற்றுச் சாய்ந்து நிமிர்வதால்; சின்னச் சக்கரம் அந்தச் சாய்வையே தடுக்கிறது. இரண்டு வருடம் அப்படி ஓட்டிய பிள்ளையும் சக்கரத்தைக் கழற்றியதும் விழும்.

பெடல்களைக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலான சைக்கிளுக்கு 15 மில்லிமீற்றர் ஸ்பானர் பொருந்தும். வலப்பக்கப் பெடல் வழக்கமான மரை. இடப்பக்கப் பெடலுக்கு எதிர்மரை, மணிக்கூட்டு முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழரும். ஸ்பானரை மேல்நோக்கி நிற்கும்படி மாட்டிக்கொண்டால் இரு பெடலும் பின்சக்கரத்தை நோக்கித் தள்ளும்போது கழரும் என்று நினைவில் வைத்தால் போதும். கடற்காற்றில் மரை துருப்பிடித்திருக்கும், முதல் நாள் இரவே இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள். எதிர்த்திசையில் முக்கித் திருகி மரையைக் கெடுத்துவிட்டால் கிராங்கையே மாற்ற வேண்டி வரும். சீட்டை இறக்குங்கள்: அமர்ந்தபடி இரு பாதமும் முழுதாகத் தரையில் பதிந்து, முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும்.

உப்புவெளிக் கடற்கரை மணலில் பழக்க வேண்டாம். மணலில் சக்கரம் உருளாது, உருளாத சைக்கிள் நிற்காது. கெட்டியான மண் மைதானம், சீமெந்து முற்றம், மிக இலேசான சரிவு இருந்தால் மிக நல்லது. முதலில் அமர்ந்தபடி நடக்கட்டும். பிறகு இரு காலாலும் உந்தி வழுக்கட்டும். பாதம் தரையில் படாமல் மூன்று வினாடி, பிறகு ஐந்து, பிறகு பத்து. கண் சக்கரத்தைப் பார்த்தால் சைக்கிள் வளையும். முன்னால் பத்து அடி தூரத்தில் நீங்கள் ஏதாவது ஒரு நிறத் துணியைப் பிடித்து நில்லுங்கள். ஹாண்டிலைப் பிடித்து உதவாதீர்கள், பிள்ளை பிடிக்க வேண்டிய சமநிலையை நீங்கள் பிடித்துவிடுவீர்கள். தேவையானால் சீட்டின் பின்பக்கத்தையோ பிள்ளையின் தோளையோ இலேசாகத் தொடுங்கள். சரிவுக்குப் போகுமுன் கைப் பிரேக்கைப் பழக்குங்கள். சின்ன விரலுக்கு லீவர் எட்டாவிட்டால் அதிலுள்ள சிறு திருகாணியை உள்ளே திருகி நெருக்கலாம்.

பத்து வினாடி வழுக்கித் திரும்பவும் முடிந்த பிறகே பெடல். பலமான காலின் பெடலை முன்பக்கமாக மேலே வைத்து, அதை மிதித்து எழும்பட்டும். ஒரு தடவை இருபது நிமிடம் போதும். களைத்த பிறகு நடப்பதெல்லாம் விழுந்து பயப்படப் பழகுவதுதான்.

ஓட்டம்

ஏடிஎச்டி உள்ள பிள்ளைக்கு மூச்சு வாங்கும் உடற்பயிற்சி உதவும் என்பதற்கு நியாயமான ஆதாரம் இருக்கிறது. 2013இல் மத்தியூ பொன்டிஃபெக்ஸ் குழுவினரின் சிறிய ஆய்வில், இருபது நிமிடம் வேகமாக நடந்த உடனே எட்டு முதல் பத்து வயதுப் பிள்ளைகள், ஏடிஎச்டி இருந்தவர்களும் இல்லாதவர்களும், வாசிப்பிலும் கணக்கிலும் சற்று நன்றாகச் செய்தார்கள். மருந்துக்கு ஈடான பலன் இல்லை, மருந்தை நிறுத்தக் காரணமும் இல்லை. ஆனால் செலவில்லை, தீங்கில்லை. 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரி 60 நிமிடம் மிதமானது முதல் கடுமையானது வரையான உடல் உழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னபோது, இயலாமையுள்ள பிள்ளைகளையும் சேர்த்தே சொன்னது.

வீட்டுப்பாடத்துக்கு முன் அந்த இருபது நிமிடத்தை வையுங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியாத அளவு மூச்சு வாங்க வேண்டும், அதுதான் அளவு. கிளித்தட்டு அருமையான விளையாட்டு, ஓட்டமும் நிறுத்தமும் ஏமாற்றித் திரும்புவதும் எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் ஓட்டிசமுள்ள பல பிள்ளைகளுக்கு அதன் சத்தமும் மாறிக்கொண்டே இருக்கும் எல்லைகளும் தாங்காது. அவர்களுக்குப் பத்து மீற்றர் இடைவெளியில் இரண்டு வாளி. ஒன்றில் பத்துக் கல். ஒவ்வொன்றாக ஓடி எடுத்து மற்ற வாளியில் போட வேண்டும். எப்போது முடியும் என்பது கண்ணுக்கே தெரிவதால் பிள்ளை குழம்பாது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் காலை ஏழுக்கு முன் அல்லது மாலை ஐந்துக்குப் பின். ஏடிஎச்டி மருந்து எடுக்கும் பிள்ளைக்கு இதயத் துடிப்பு கூடலாம், பசி குறையலாம், ஓடுமுன் ஏதாவது சாப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கட்டாயம் பார்க்க வேண்டிய ஆபத்துகள்

வலிப்பு உள்ள பிள்ளைக்கு வேகமாக மூச்சு விடும் பயிற்சி வேண்டாம். சில "மூளைப் பொதிகளில்" இது யோகாவின் பெயரில் வருகிறது. கண நேரம் வெறித்துப் பார்த்து நின்றுவிடும் வகை வலிப்பைக் கண்டறிய வைத்தியர்களே ஈஈஜி (மூளையின் மின்னலைப் பதிவு) எடுக்கும்போது மூன்று நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்வார்கள். அது வலிப்பைத் தூண்டும் என்பதால்தான். விட்டு விட்டு மின்னும் விளக்குகளும் அப்படியே.

டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளையைக் குத்துக்கரணம் போடவோ தலைகீழாகத் தொங்கவோ விடாதீர்கள். சிலருக்குக் கழுத்தின் மேல் இரு எலும்புகளுக்கிடையே பிடிமானம் தளர்ந்திருக்கும். கழுத்து வலி, தலை ஒரு பக்கம் சாய்வது, நடை மாறுவது, புதிதாகச் சிறுநீர் கட்டுப்பாடு போவது கண்டால் எல்லாப் பயிற்சியையும் நிறுத்திவிட்டு அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

பெருமூளை வாதம் உள்ள பிள்ளையின் கைகாலை யாராவது பலவந்தமாக நீட்டி, பிள்ளை அழுதாலும் விடாமல் செய்தால் எழுந்து வந்துவிடுங்கள். அயோனா நோவக்கும் குழுவினரும் 2013இல் பெருமூளை வாதச் சிகிச்சைகளைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வகைப்படுத்தியபோது பச்சையில் வந்த பயிற்சிகள் பிள்ளை தானே முயன்று செய்பவை: இலக்கை நோக்கிய பயிற்சி, இரு கைப் பயிற்சி, நல்ல கையைக் கட்டுப்படுத்தி மற்றக் கையைப் பழக்குவது, ஒழுங்கான வீட்டுப் பயிற்சி. உயர் அழுத்த ஒட்சிசன் அறை சிவப்பில் வந்தது.

எந்தப் பயிற்சியாளராவது வலிப்பு மருந்தையோ ஏடிஎச்டி மருந்தையோ நிறுத்தினால்தான் பலன் வரும் என்று சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம், அது உயிருக்கு ஆபத்து.

எங்கே தொடங்குவது

உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கிளினிக் கொப்பியோடு போவதே முதல் படி. அங்கிருந்து சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, அங்கிருந்து மாவட்டப் பொது வைத்தியசாலையின் குழந்தைநல வைத்தியர். பேச்சுச் சிகிச்சைக்கும் அன்றாட வேலைகளைப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சைக்கும் இயன்மருத்துவத்துக்கும் அவர் கடிதம் தருவார். கேள்வியை ஒரு வரியில் எழுதிக்கொண்டு போங்கள்: "சாப்பாட்டைத் தானாகக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட வேண்டும், என்ன பழக்கலாம்?" மூன்று மாதத்துக்கொரு தடவைதான் திகதி கிடைத்தாலும், ஒரு இலக்கும் அதற்கான வீட்டுப் பயிற்சியும் கேட்டு வாங்கினால் அந்த மூன்று மாதமும் உங்களுடையது. தம்பலகாமத்திலிருந்தோ மூதூரிலிருந்தோ வருபவர்கள் வீட்டில் எடுத்த காணொளியைக் கொண்டு வந்தால், வைத்தியசாலையில் பிள்ளை மிரண்டு ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் பயணம் வீணாகாது. சமூகத் தொடர்புக்கும் பேச்சுக்கும் பெற்றோரையே பயிற்றும் முறைகளைக் கேளுங்கள். கோவாவிலும் ராவல்பிண்டியிலும் சாதாரண சமூகப் பணியாளர்களைக் கொண்டு அப்படிச் செய்த ஆய்வில், பெற்றோரும் ஓட்டிசமுள்ள பிள்ளையும் ஒருவரோடொருவர் தொடர்புகொள்ளும் விதம் முன்னேறியது. உடற்பயிற்சி அந்த வேலையைச் செய்யாது.

கடல்

ஓட்டிசமுள்ள பிள்ளைகள் சொல்லாமல் வெளியே போய்விடுவதும் தண்ணீரைத் தேடிப் போவதும் அதிகம். மூழ்கி இறப்பதும் மற்றப் பிள்ளைகளைவிட அதிகம். மூன்று பக்கமும் கடலும் வீட்டு முற்றத்தில் கிணறும் உள்ள ஊரில், நீச்சலை எந்த மூளைப் பயிற்சிக்கும் முன்னே வைக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான எண்ணம். கிணற்றுக்கட்டு பிள்ளையின் நெஞ்சுக்கு மேலே இருக்கட்டும், மேலே வலைமூடி போடுங்கள். படலைக்குக் கொளுக்கி பிள்ளை எட்டாத உயரத்தில், வெளிப்பக்கம்.

கற்பிக்கும் ஒழுங்கு இதுதான்: முதலில் முகத்தில் தண்ணீர் படப் பழகுவது, பிறகு தண்ணீருக்குள் மூச்சு ஊதுவது, பிறகு மல்லாந்து மிதப்பது, பிறகு குப்புற விழுந்த நிலையிலிருந்து உருண்டு மல்லாந்து மூச்செடுப்பது, பிறகு கரையை நோக்கித் திரும்புவது. கை வீசி நீந்துவது அதற்கெல்லாம் பிறகு. தண்ணீர் பிள்ளையின் இடுப்புக்கு மேல் வேண்டாம். பெரியவர் ஒருவர் எப்போதும் கை எட்டும் தூரத்தில். வலிப்பு உள்ள பிள்ளையோடு அவர் வேறு எந்தப் பிள்ளையையும் பார்க்கக் கூடாது. காற்றடைத்த வளையமும் ரயர் ரியூப்பும் வேண்டவே வேண்டாம். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கச்சான் கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும்; கடல் அமைதியாகத் தெரியும், வளையமோ நிமிடத்தில் எட்டாத தூரம் போய்விடும். உடலோடு பட்டி கட்டும் உயிர்காப்பு அங்கிதான் பாதுகாப்பு.

சித்திரை முதல் புரட்டாசி வரை கடலில் பழக்கலாம். ஐப்பசியில் வாடை தொடங்கி அலை எழும்பியதும் நிறுத்திவிடுங்கள், அடுத்த சித்திரை வரை இறக்க வேண்டாம். அந்த மாதங்களில் பயிற்சி விட்டுப்போகாமல் இருக்க, வீட்டில் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து முகம் தாழ்த்திக் குமிழி ஊதச் செய்யுங்கள். ஊதி முடித்து முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி மூச்செடுக்க வேண்டும், பத்துத் தரம், கிழமைக்கு மூன்று நாள். பழகி முடிந்த உடனே தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கவிழ்த்து வையுங்கள்.